நாலு புள்ளடி போட்ட வளைகோடு

புளியந்தீவில் என் தட்டச்சுக் கடைக்கு வந்தவர்களில் மங்கையற்கரசியைப் போல என் பொறுமையைச் சோதித்தவர் வேறு எவரும் இல்லை. வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வருவார்கள், கல்யாணக் கார்டு அடிக்க வருவார்கள், மரண அறிவித்தல் அடிக்க வருவார்கள். சண்டை நடந்த அந்த வருடங்களில் மரண அறிவித்தல்தான் கூட. எல்லாரும் வந்த வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். இவள் மட்டும் போகமாட்டாள். ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறி, கல்லடிப் பாலத்து ஆமிச் சோதனையில் இறங்கி நடந்து, மறுபடி ஏறி, வியர்த்துக் களைத்து வந்து கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் கரண்ட் போகும் வரைக்கும் எழும்பமாட்டாள்.

முதல் நாள் அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளொப்பியை எடுத்து நீட்டினாள். "செசீலியா அக்கா, இத ஒருக்காப் போட்டுப் பாக்கலாமா? கணக்குப் புறோகிராம்."

"கணக்குப் பாக்க என்னட்டக் கல்குலேட்டர் இருக்கு புள்ள" என்றேன்.

அவள் சிரித்தாள். பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர் என்றாள். அந்தப் புறோகிராம் எண்களைக் கூட்டிக் கழிக்கிற சாதி இல்லை. சமன்பாட்டை எழுத்தாகவே கொடுத்தால் எழுத்தாகவே தீர்த்துக் காட்டும், படம் கேட்டால் படம் கீறும். அவள் கேட்டதெல்லாம் படங்கள்தான். பெசல் சார்பு, காமாச் சார்பு, எயரிச் சார்பு என்று வாயில் நுழையாத பெயர்கள். அவளுடைய மாணவர்கள் இந்தச் சார்புகளைப் பக்கம் பக்கமாக எழுதுவார்களாம், ஆனால் அவை என்ன வடிவம் என்று ஒருவரும் கண்ணால் கண்டதில்லையாம். நூலகத்தில் படம் போட்ட புத்தகம் ஒன்றே ஒன்று, அதிலும் படப் பக்கங்களை யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே என் கடையில் கீறினாள். திரையில் புள்ளி புள்ளியாக வளைகோடு ஊர்ந்து வரும். பிறகு என் பழைய பிறிண்டர் ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு, ஓரமெல்லாம் துளை போட்ட கடதாசியில் அதை அடித்துத் தள்ளும். காமாச் சார்பின் படம் வந்த அன்று அவள் அதை முறைத்துப் பார்த்துவிட்டு, என் மேசையிலிருந்த, எழுத்துப்பிழை அழிக்கிற வெள்ளை மையை எடுத்துப் படத்தில் பூசத் தொடங்கினாள்.

"என்ன புள்ள செய்றாய்? மை முடியப் போகுது."

"இந்த நட்டுக்குத்தான கோடெல்லாம் பொய் அக்கா. இதில சார்பு அறுந்து நிக்குது. மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு, நடுவில ஒண்டும் இல்ல. மிசின் தானா இழுத்து ரெண்டையும் முடிச்சுப் போட்டிருக்கு. இப்பிடியே குடுத்தா புள்ளைகள் உண்மையெண்டு நம்பிருவாங்க."

ஒவ்வொரு தாளிலும் அந்தப் பொய்க் கோடுகளை அழித்துவிட்டுத்தான் மாணவர்களுக்குக் கொடுத்தாள். அப்படிப்பட்ட பிறவி அவள். என் மை தீர்ந்து போனதில் எனக்குக் கோபம். ஆனால் அன்றிலிருந்துதான் அவள் வந்ததும் தேத்தண்ணி வைக்கத் தொடங்கினேன்.

அவளுடைய கணவர் யோகராசா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வாவிக்கு அப்பால் ஒரு சிறிய பள்ளிக்கூடம். களுவாஞ்சிக்குடிக்கு அங்காலுள்ள ஒரு துறையில் தினமும் காலையில் பாதை ஏறுவார். இரும்புத் தொட்டிகளுக்கு மேல் பலகை அடித்து ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவதைத்தான் நாங்கள் பாதை என்போம். ஒரு குடை, ஒரு சோற்றுப் பார்சல், ஒரு துணிப்பை. இரைந்து பேசத் தெரியாத மனிதர். எப்போதாவது மனைவியைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தால் வாசலிலேயே நின்றுகொள்வார். "வாங்க மாஸ்டர், உங்கட மனிசி என்ன கீறுறாவெண்டு பாருங்க" என்று நான் கூப்பிட்டால், "எனக்கெதுக்கு அக்கா? அவ கடதாசில பாம்பு வளக்கிறா, வளக்கட்டும்" என்பார். ஒரு நாளும் திரையைப் பார்த்ததில்லை. எதையும் கேட்டதுமில்லை.

அந்தக் காலத்தில் அதுதான் எங்களுக்கு வழக்கம். வீட்டுக்கு யார் வந்தது, பையில் என்ன இருந்தது, ஏன் பிந்தியது என்று கட்டிய மனைவியைக்கூடக் கேட்கமாட்டார்கள். தெரியாவிட்டால் அடித்தாலும் சொல்ல இருக்காது. கேட்காமல் இருப்பதையே நாங்கள் அன்பு என்று பழகிக்கொண்டோம்.

எயரிச் சார்பின் படம்தான் அந்தக் குடும்பத்தை முடித்தது. ஒரு வெள்ளைக்காரர் வானவில்லுக்குக் கணக்குப் போட்டபோது வந்த கோடு என்று மங்கை எனக்குச் சொல்லியிருக்கிறாள். பூச்சியத்துக்கு இடது பக்கத்தில் அது ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். பூச்சியத்தைத் தாண்டி வலது பக்கம் வந்ததும் ஆட்டம் நின்று, சரிந்து, ஒன்றுமில்லாமல் போய்விடும். இதை மாணவர்கள் மாற்றி மாற்றி எழுதினார்கள். எந்தப் பக்கம் அலை, எந்தப் பக்கம் அடக்கம் என்று குழம்பினார்கள்.

எங்கள் பகுதியில் மேற்கைப் படுவான் என்போம், கிழக்கை எழுவான் என்போம். வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. பிள்ளைக்கு இடது கை வலது கை தெரிய முன்னமே இது தெரியும். மங்கை தாளில் இடது பக்கம் 'படுவான்கரை' என்று எழுதினாள். வலது பக்கம் 'எழுவான்கரை'. நடுவில், கோடு ஆட்டத்தை விடுகிற பூச்சியத்தில், 'துறை'. இடது பக்கத்தில் கோடு அச்சை வெட்டுகிற இடங்களில் பெருக்கல் குறிபோல நாலு புள்ளடி போட்டு, பக்கத்தில் எண்களையும் எழுதினாள். 2.338, 4.088, 5.521, 6.787. அன்று வகுப்பில் ஒருவர்கூடப் பிழைவிடவில்லை என்று சந்தோசமாக வந்து சொன்னாள். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. ஏன் படப்போகிறது? எங்களுக்கு அது இடம் வலம், அவ்வளவுதான்.

ஆனால் அப்போது படுவான்கரை ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் கையில் இருந்தது. எழுவான்கரை அரசாங்க ஆமியின் கையில். இரண்டுக்கும் நடுவில் துறை.

படுவான்கரையிலிருந்து வந்து படித்து, பாடம் கேட்க மங்கையின் வீட்டுக்கும் வந்துபோன மாணவிகளில் ஒருத்தி ஆமியின் சுற்றிவளைப்புக்குப் பயந்து வராமல் நின்றுவிட்டாள். பரீட்சை கிட்டியது. அவளுக்கென்று மங்கை படங்களை ஒரு கட்டாக மடித்து, "இத அந்தப் புள்ளட வீட்டில குடுத்திருங்க" என்று கணவரிடம் கொடுத்தாள். அவர் என்னவென்று கேட்கவில்லை. சோற்றுப் பார்சலோடு பையில் வைத்துக்கொண்டு போனார்.

துறையடியில் இருந்த ஆமியின் காவல் சென்றியில் பையைக் கொட்டினார்கள். அதே பள்ளிக்கூடத்துக்கு அவரோடு வந்த சாமித்தம்பி மாஸ்டர்தான் நடந்ததைப் பிறகு எங்களுக்குச் சொன்னார். மற்றப் படங்களை விட்டுவிட்டு அந்த ஒரு தாளை மட்டும் ஆமிக்காரன் விரித்துப் பிடித்தானாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டார்களாம். படுவான்கரை, துறை, எழுவான்கரை, நாலு புள்ளடி, எண்கள். இது என்ன என்று கேட்டார்களாம்.

"யோகராசா மாஸ்டர் அந்தக் கடதாசியக் கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டார் தங்கச்சி" என்றார் சாமித்தம்பி மாஸ்டர். "முகம் வெளிறிப் போச்சு. மறுகா, நான்தான் கீறினனெண்டு சொன்னார். அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போயிற்றாங்க."

மங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்காகச் சொல்லியிருக்கார். மனிசி கீறினதெண்டா என்னை இழுத்துக்கொண்டு போயிருவாங்களெண்டு பயந்து சொல்லியிருக்கார்." நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதி சரியாகத்தான் நினைத்தோம்.

அதன்பின் அவளுக்கு உலகத்தில் ஒரே வேலைதான். அந்தத் தாள் கணக்கு என்று காட்ட வேண்டும், காட்டினால் மனிதர் வீட்டுக்கு வருவார். முகாம் வாசலில் நின்றாள். பாதிரியார் ஒருவரைப் பிடித்தாள், அவர் மூலம் ஒரு கப்டனைப் பிடித்தாள். "என்னோட வாங்க. அதே படத்த உங்கட கண்ணுக்கு முன்னால மிசினக் கொண்டு கீறிக் காட்டுறன்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று நான் சொன்னேன். ஆனால் வந்தான். கடை வாசலில் ஜீப்பும் துவக்குக்காரர்களும் நிற்க, உள்ளே என் கதிரையில் கப்டன் உட்கார்ந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள்.

கரண்ட் போகாமல் நிற்க வேண்டுமே என்று நான் அந்தோனியாரை வேண்டிக்கொண்டிருந்தேன். மங்கை பிளொப்பியைப் போட்டாள். சார்பின் பெயரைத் தட்டினாள், எங்கிருந்து எங்கு மட்டும் என்று எல்லை கொடுத்தாள். கோடு ஊர்ந்து வந்தது. பிறிண்டர் கத்தியது. அவள் தாளைக் கிழித்தெடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து யன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தான். கோடு கோட்டின்மேல் ஒரு மயிரிழை விலகாமல் உட்கார்ந்தது.

பிறகு அவன் ஆங்கிலத்தில் கேட்டான், இந்த எண்கள் என்னவென்று. மங்கை பூச்சியத்துக்கு இடது பக்கத்து எண்ணாக, மறை 2.338 என்று கொடுத்தாள். மிசின் பூச்சியம் என்று சொல்லலாம் போன்ற ஒரு துளியைக் காட்டியது. அவனையே தட்டச் சொன்னாள். அவன் ஒற்றை விரலால் மற்ற மூன்றையும் தட்டினான். மூன்றும் பூச்சியத்தை ஒட்டியே வந்தன. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"மெடம், இது கணிதம்தான்" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குக் கடையில் நாங்கள் இரண்டு பேரும் பைத்தியக்காரிகள்போல் சிரித்தோம். மங்கை வீட்டுக்குப் போய் அவருடைய சாரத்தையும் சட்டையையும் தோய்த்துக் காயப் போட்டாள்.

மனிதர் வரவில்லை. கப்டன் தான் எழுத வேண்டியதை எழுதினான் என்றுதான் நினைக்கிறேன், அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதற்கு முன்னமே கோப்பு கொழும்புக்குப் போய்விட்டது. அதில் யோகராசா கையெழுத்திட்ட வாக்குமூலம் இருந்தது. நான்தான் கீறினேன் என்பது முதல் வரி. அதற்குப் பிறகு நாலு புள்ளடிக்கும் நாலு விளக்கம். துறையிலிருந்து 2.338 மைலில் ஒரு காவலரண். அடுத்ததில் ஆயுதக் கிடங்கு. அடுத்தது இன்னது, அடுத்தது இன்னது. அடி தாங்காமல் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து கொடுத்திருக்கிறார் பாவி மனிதர். சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய வாய்.

பிலிப்பு என்ற வழக்கறிஞரைப் பிடித்தோம். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒளிக்காமல் சொல்லுவார். "பயங்கரவாதத் தடைச் சட்டத்தில வாக்குமூலம் ஒண்டே போதும், ஆளை உள்ளுக்குப் போட. ஒரே ஒரு வழிதான் இருக்கு. நீதிபதி கேக்கக்குள்ள அவர் தன்ர வாயால சொல்ல வேணும். இது மனிசிட கணக்கு, அடிக்குப் பயந்து சொன்னதெல்லாம் பொய்யெண்டு. மிச்சத்த அந்த ரெண்டு கடதாசியையும் வச்சு நான் பாத்துக்கொள்ளுவன்."

"சொல்லுவார்" என்றாள் மங்கை. "உண்மையத்தானே சொல்லச் சொல்றோம்."

வழக்கு எடுக்க இரண்டு வருடத்துக்கு மேல் போனது. அந்த நாள் வந்தபோது நானும் கூடப் போனேன். யோகராசாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பிலிப்பு இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். நீதிபதி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பேராசிரியர் எழுதிக் கொடுத்த சான்றையும் வாசித்தார். அவருக்கு விளங்கியது, அவர் முகத்தில் நான் கண்டேன். அவர் கூண்டைப் பார்த்து, இதைக் கீறியது யார் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

மங்கை எழுந்தே நின்றுவிட்டாள். யோகராசா அவளைப் பார்த்தார். அவ்வளவு அன்பாக ஒரு ஆண் ஒரு பெண்ணைப் பார்த்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"நான்தான் கீறினன் ஐயா" என்றார். "அந்த இடங்களக் குறிச்சதும் நான்தான். என்ர மனிசிக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்ல. அவ ஒண்டும் அறியாதவ."

பிலிப்பு தாள்களை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. பதினைந்து வருடம் கொடுத்தார்கள்.

தெற்கில் ஒரு சிறை. முதல் தடவை பார்க்கப் போனபோது அவள் தனியாகப் போகப் பயந்தாள், நானும் போனேன். கம்பி வலை, அதற்கு அங்கால் ஒரு வெளி, பிறகு இன்னொரு கம்பி வலை. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்க, ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்று மங்கை கத்தினாள். "பிலிப்பு ஐயா சொல்லித் தந்தவர்தானே? ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"மெதுவாக் கத புள்ள. இந்த வார்டருக்குத் தமிழ் விளங்கும்."

"விளங்கட்டும்! அது கணக்கு. நான் புள்ளைகளுக்குக் கீறின கணக்கு."

"ஓம், ஓம். கணக்குத்தான்." அவர் வார்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார். "நான் வேற என்ன சொன்னன்? நீ ஆருக்குக் கீறிக் குடுத்தாயெண்டு நான் ஒரு நாளும் கேக்கல்ல. இனியும் கேக்கமாட்டன். என்னைக் கொண்டாலும் ஒருத்தனுக்கும் சொல்லமாட்டன். நீ பயப்பிடாத."

மங்கை வலையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. துறையில் அந்தத் தாளை விரித்தபோதுதான் அவர் முதன்முதல் அதைப் பார்த்திருக்கிறார். ஆமிக்காரன் என்ன கண்டானோ அதைத்தான் அவரும் கண்டிருக்கிறார். இதற்காகத்தான் மனைவி என் கடையில் பழி கிடந்தாள், இதற்காகத்தான் அக்கரைப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துபோனார்கள் என்று அந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். கப்டன் நம்பினான், நீதிபதி நம்பினார், கட்டிய மனிதர் நம்பவில்லை. நம்பாமலே அவளுக்காகத் தன்னைக் கொடுத்தார். கர்த்தரே, இதை யாரிடம் போய் நான் முறையிடுவது?

அவள் விடவில்லை. அனுமதி கிடைத்த போதெல்லாம் போனாள், வலைக்கு இங்கால் நின்று அவருக்கு எயரிச் சார்பு படிப்பித்தாள். எண்கோட்டிலிருந்து தொடங்கினாள். மறை எண் என்றால் என்ன, சார்பு என்றால் என்ன, ஒரு கோடு அச்சை வெட்டுவது என்றால் என்ன. கத்திக் கத்திப் படிப்பித்தாள். பக்கத்தில் நிற்கும் சனங்கள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். அவர் நல்ல மாணவனைப்போல் தலையாட்டிக் கேட்பார்.

"இப்ப விளங்குதா?"

"விளங்குது புள்ள. நல்லா விளங்குது." பிறகு மணி அடிக்கிற நேரம் முகத்தை வலையோடு ஒட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்பார். "ஆரும் உன்னத் தேடி வரல்லத்தானே?"

ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் அவள் "தேட ஒண்டும் இல்ல, அது கணக்கு" என்று கத்துவாள். அவர் சோர்ந்த முகத்தோடு திரும்பிப் போவார். இன்னும் தன்னை நம்பிச் சொல்கிறாளில்லையே என்ற சோர்வு அது.

கடைசியாக நான் அவளோடு போனபோது அவர் சிறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண் மஞ்சளாயிருந்தது, வயிறு வீங்கியிருந்தது. அன்றைக்கு வலை இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். போகும் வழியெல்லாம் மங்கை, கப்டனுக்கு முன்னால் அடித்து வழக்குக்குப் பிறகு பிலிப்பு திருப்பித் தந்த அந்த இரண்டாவது தாளைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் கொடுத்துக் காட்டினால் விளங்கிவிடும் என்று எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார். "மங்கை, ஆரும் உன்னத் தேடி வரல்லத்தானே?"

அவள் தாளை எடுக்கப் பையைத் திறந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். இறங்கிப்போன தோளைப் பார்த்தாள். அது வெறும் கணக்கு என்றால் இந்த உடம்பு இத்தனை வருடம் எதற்காக அழிந்தது என்று அவளுக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். பையை மூடினாள்.

"இல்லங்க" என்றாள். "ஒருத்தரும் வரல்ல. ஒருத்தருக்கும் தெரியா. நீங்க என்னக் காப்பாத்திற்றீங்க."

அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன்? "எனக்குத் தெரியும்" என்றார். "எனக்கு முதலே தெரியும் புள்ள." அன்றைக்கு அவள் ஊட்டிய சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அந்தக் கிழமை முடிய முன்னமே அவர் போய்விட்டார். மரண அறிவித்தலை என் கடையில் நானே அடித்தேன். மங்கை பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை பார்த்தாள். முடிந்ததும், முன்பு பொய்க் கோடுகளை அழிக்க எடுப்பதுபோல மேசையிலிருந்த வெள்ளை மையை எடுத்து மூடியைத் திறந்தாள். பிறகு எதையும் அழிக்காமல் அதை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.